டெஸ்ட் எழுதப் பழக எந்த உதாரணம்: 'ஃபூ'வா, கொழுந்துக் கணக்கா?

ஹட்டனில் சனிக்கிழமைகளில் ஏழெட்டுப் பிள்ளைகளுக்குப் பைதன் என்ற நிரல்மொழியைச் சொல்லிக்கொடுக்கிறேன். யூனிட் டெஸ்ட் (நிரலின் ஒரு சிறு பகுதி சரியான விடை தருகிறதா என்று பார்க்கும் இன்னொரு சிறு நிரல்) பாடம் வந்தாலே எந்த உதாரணத்தில் தொடங்குவது என்று தலையிடி.

பைதன் ஆவணத்தில், டெஸ்ட் எழுதும் கருவியான யூனிட்டெஸ்ட்டின் பக்கம் 'ஃபூ' என்ற பொருளற்ற ஆங்கிலச் சொல்லைப் பெரிய எழுத்தாக்கிப் பார்க்கிறது. அதாவது, பைதனோடு வரும் 'அப்பர்' என்ற கட்டளையையே சோதிக்கிறது. "அதை அவங்களே சோதிச்சிருப்பாங்களே, சேர்?" என்று ஒரு பிள்ளை கேட்டாள். இன்னொருவன் 'ஹட்டன்' என்று தமிழில் கொடுத்துப் பார்த்தான். கொடுத்தபடியே திரும்பி வந்தது. தமிழில் பெரிய எழுத்து ஏது? அரை மணித்தியாலம் அதிலேயே போனது. அதே உதாரணத்தில் உள்ள அசர்ட்ட்ரூ (ஒன்று உண்மையா என்று பார்க்கும் கட்டளை) தோற்றால் 'ஃபால்ஸ் இஸ் நாட் ட்ரூ' என்று சொல்லிவிட்டு நிற்கும். புதிதாகப் படிப்பவருக்கு அதில் என்ன விளங்கும்?

பைடெஸ்ட் என்ற இன்னொரு டெஸ்ட் கருவியின் ஆவணத்தில் உள்ள முதல் உதாரணமோ வேண்டுமென்றே தோற்கிறது. கொடுத்த எண்ணோடு 1ஐக் கூட்டும் ஃபங்ஷனுக்கு 3ஐக் கொடுத்து, 5 வர வேண்டும் என்கிறது. 4உம் 5உம் சமமில்லை என்று காட்டி, அந்த 4 எங்கிருந்து வந்தது என்பதையும் கீழே சொல்கிறது. முதல் நாளே தோல்வியைக் காட்டும் சிவப்பு எழுத்தைப் பார்த்த பிள்ளைகள் பிறகு அதற்குப் பயப்படுவதில்லை. என் வாக்கு இதற்குத்தான். என்ன, பைடெஸ்ட்டைத் தனியாக இறக்க வேண்டும். யூனிட்டெஸ்ட் பைதனோடேயே வரும். மழை நாளில் சிக்னல் போனால் அதுதான் கை கொடுக்கிறது.

டாக்டெஸ்ட் என்ற கருவியும் இருக்கிறது. ஃபங்ஷனின் விளக்கக் குறிப்புக்குள்ளேயே உதாரணம் இருப்பது அழகுதான், ஆனால் விடையில் ஓர் இடைவெளி கூடினாலும் தோற்றுவிடும். தொடக்கத்துக்கு வேண்டாம்.

இப்போது பைடெஸ்ட்டின் முறையை எடுத்து, கணக்கை மட்டும் மாற்றியிருக்கிறேன். மொத்த நிறையில் கூடையின் நிறையைக் கழித்துத் தேயிலைக் கொழுந்தின் நிறையைச் சொல்லும் ஃபங்ஷன். 20 கிலோவில் 2 போனால் 18: பாஸ். மொத்தம் 1, கூடை 2 என்று கொடுத்தால் மைனஸ் 1 வருகிறது. "மைனஸ் கொழுந்தா!" என்று வகுப்பே சிரித்தது. கூடையின் நிறை மொத்தத்தைவிடக் கூடினால் வேல்யூஎரர் (கொடுத்த மதிப்பு பொருந்தாது என்ற பிழை) எழ வேண்டும் என்ற டெஸ்ட்டை அவர்களே எழுதினார்கள். எரர் வந்தால்தான் பாஸ் என்பதை 'ஃபூ'வை வைத்து விளக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அம்மா கொழுந்து எடுக்கும் ஒரு பிள்ளை கையை உயர்த்தினாள்: "மழை நாளில தண்ணிக்கும் கழிப்பாங்களே, சேர். அதுக்கு டெஸ்ட் எங்க?" அடுத்த சனிக்கிழமை அதில்தான் தொடங்குகிறோம்.