ஊட்டியில் கல்லூரிப் போட்டி நடத்துகிறவர்களே, சாப்பாட்டுக் கடையை ஏலத்துக்கு விடாதீர்கள்

எங்கள் கல்லூரி மைதானத்தில் இரண்டு நாள் கபடியும் கால்பந்தும் நடந்தன. ஐந்து உணவுக் கடைகளையும் அதிகத் தொகை கேட்ட ஒரே ஒப்பந்தக்காரருக்குக் கொடுத்தோம். அவர் இரண்டைத் தான் வைத்துக்கொண்டு மூன்றை உள்வாடகைக்கு விட்டுவிட்டார். முதல் நாள் மத்தியானம் வந்த வெஜிடபிள் பிரியாணியில் புளித்த வாடை. டீ மூன்று மடக்குக்கு மேல் இல்லை. பத்து ரூபாய் பிஸ்கட் பதினைந்து. இரண்டாம் நாள் காலையில் கேஸ் அடுப்பே சரியாக எரியவில்லை. விளையாட வந்த பிள்ளைகள் வெறும் வயிற்றோடு களத்தில் இறங்கினார்கள். இதில் எதுவுமே தற்செயல் இல்லை. அதனால்தான் விவரமாக எழுதுகிறோம்.

ஏலத்தில் கொடுத்த தொகையை ஒப்பந்தக்காரர் இரண்டே நாளில் எடுத்தாக வேண்டும். விலையைக் கூட்டினால் சண்டை வரும். எனவே அளவில் கை வைப்பார். பேசும்போது காட்டிய கப் 100 மி.லி.; கடையில் இருந்தது 65 மி.லி. ஒரு லிட்டரில் 10 டீ ஊற்ற வேண்டியவர் 15 ஊற்றுகிறார். இரண்டு கப்பையும் தனித்தனியாகப் பார்த்தால் வித்தியாசமே தெரியாது, பக்கத்தில் வைத்தால்தான் தெரியும். அதுவும் விளிம்பு வரை ஊற்றினால்தான் அந்த அளவு. ஆகவே கப்பின் அளவை நம்பாமல், ‘ஊற்றும் டீ 90 மி.லி.’ என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். போட்டி அன்று ஒரு அளவு ஜாடியை எடுத்துப்போய், வாங்கிய டீயை அதில் ஊற்றிப் பாருங்கள். அரை நிமிட வேலை. உள்ளே பிளாஸ்டிக் பூச்சு உள்ள காகிதக் கப் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். வாடகைப் பாத்திரக் கடையில் எவர்சில்வர் டம்ளர் எடுத்து, சோப்புத் தண்ணீர், நல்ல தண்ணீர், வெந்நீர் என்று மூன்று தொட்டி வைத்துவிட்டால் அளவுப் பிரச்சினையும் குப்பைப் பிரச்சினையும் சேர்ந்தே தீரும்.

டீத்தூளையும் சோதியுங்கள். தேயிலை விளைகிற மலையில் சாயத்தூள் குடிப்பது கொடுமை. வெள்ளை வடிதாளில் கொஞ்சம் தூளைப் போட்டு, தண்ணீர் தெளித்து, சிறிது நேரம் கழித்துத் தூளைக் கழுவிவிட்டு, தாளை வெளிச்சத்தில் பாருங்கள். சாயம் கலந்த தூள் உடனே தாளில் கறை விடும்.

பிரியாணிதான் எல்லாவற்றிலும் ஆபத்து. அதை அதிகாலையில் மேட்டுப்பாளையத்தில் சமைத்து, அண்டாவோடு மலையேற்றியிருக்கிறார்கள். கேட்டதற்கு, “இங்க தண்ணி கொதிச்சாலும் சோறு வேகாது சார், அதான் கீழயே செஞ்சுட்டோம்” என்றார்கள். பாதி உண்மை. 2,240 மீட்டர் உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் கொண்டைக்கடலை வேக நெடுநேரம் பிடிக்கும். அதற்குப் பெரிய குக்கர் கொண்டுவர வேண்டுமே தவிர, கீழே சமைத்துக் கொண்டுவருவது வழியல்ல. சமைத்த சோறு 60 டிகிரிக்குக் கீழே இறங்கி மணிக்கணக்கில் வெதுவெதுப்பாக நின்றால், வெந்த பிறகும் உயிரோடு இருக்கும் ஒரு வகை பாக்டீரியா வித்துகள் முளைத்து நச்சைக் கக்கும். அந்த நச்சு மறுபடி சூடுபண்ணினாலும் போகாது. ‘நல்லா சூடு பண்ணிட்டோம்’ என்ற சமாதானத்தை ஏற்காதீர்கள். அண்டாவின் நடுவில் தெர்மாமீட்டரைச் செருகிப் பாருங்கள். 60-க்குக் கீழ் என்றால் திருப்பி அனுப்புங்கள்.

இந்த ஊருக்கு ஏற்ற பண்டங்கள் வேறு. குக்கரில் வேகவைத்த சுண்டல், மிளகு உப்புத் தூவிய உருளைக்கிழங்கு, டீயோடு வர்க்கி என்ற மொறுமொறு பிஸ்கட். கடலையைக் குளிரில் எட்டு மணி நேரம் ஊறவைத்தால் போதாது. வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டு 12 மணி நேரம் விடுங்கள். இல்லையென்றால் ஆப்பசோடாவை அள்ளிப் போட்டு வேகவைப்பார்கள், சவக்காரம் போல வழவழக்கும். வர்க்கி பனிமூட்டத்தில் அரை மணி நேரம் திறந்திருந்தாலே நமுத்துவிடும், மூடி இறுக்கமான டின்னில்தான் இருக்க வேண்டும். பஜ்ஜி போட்டால் ஒரு சட்டிக்கு எட்டு, பத்துக்கு மேல் விடக்கூடாது. குளிர்ந்த மாவு மொத்தமாக விழுந்தால் எண்ணெயின் சூடு இறங்கி, பஜ்ஜி எண்ணெயைக் குடித்துவிடும். சட்டியில் நுரை பொங்கி அடங்காமல் நின்றால் அது நேற்றைய எண்ணெய்.

அடுப்பு எரியாததற்குக் காரணமும் குளிர்தான். சிலிண்டருக்குள் திரவமாக இருக்கும் கேஸ் ஆவியாக வெளியிலிருந்து சூடு வேண்டும். விடியற்காலைக் குளிரில், ஒரே சிலிண்டரிலிருந்து பெரிய பர்னருக்கு வேகமாக இழுத்தால், சிலிண்டரின் அடிப்பாகத்தில் வெள்ளையாக உறைபனி படியும், அழுத்தம் விழுந்துவிடும். கடைக்காரர் அதன் மேல் கொதிநீர் ஊற்றப் போனார், தடுத்தோம். நெருப்புக் காட்டுகிறவர்களும் உண்டு. இரண்டு 19 கிலோ சிலிண்டரைச் சேர்த்து இணைத்தால் ஒவ்வொன்றிலும் இழுப்பு பாதியாகும். வீட்டு உபயோக 14.2 கிலோ சிலிண்டர் தெரிந்தால் வாசலிலேயே நிறுத்துங்கள்.

கூட்டத்துக்கு வருவோம். கபடியில் இடைவேளை 5 நிமிடம். ஒருவரிடம் காசு வாங்கி, சில்லறை கொடுத்து, டீயும் ஊற்றித் தர 40 விநாடி என்றால், ஒரு கடை அந்த நேரத்தில் ஏழு பேருக்குத்தான் கொடுக்க முடியும். கால்பந்தின் 15 நிமிடத்திலும் 22 பேர்தான். ஐந்து கடை போட்டும் வரிசை நகராததற்கு இதுதான் காரணம். டோக்கனை ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே தனி மேசையில் விற்றுவிடுங்கள். கடையில் டோக்கனை வாங்கிப் பண்டத்தைக் கொடுப்பது மட்டும்தான் வேலை. விலையெல்லாம் பத்தின் மடங்காக இருக்கட்டும்.

எம்.ஆர்.பி.க்கு மேல் வாங்கியதற்கு “மலைக்கு ஏத்திக் கொண்டாந்த செலவு” என்றார்கள். அப்படி ஒரு கணக்கு சட்டத்தில் கிடையாது. கடையில் விற்கிற பாக்கெட்டுக்கு அதில் அச்சிட்ட விலைக்கு மேல் வாங்கக்கூடாது. பாக்கெட்டையும் விலைப் பலகையையும் சேர்த்து ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் புகார் செய்யலாம்.

அடுத்த முறை கடை வாடகையை நீங்களே குறைவாக, நிலையாக வைத்துவிட்டு, பண்டத்தையும் எடையையும் விலையையும் போட்டிக்கு விடுங்கள். உள்வாடகை கூடாது என்று எழுதுங்கள். ஒவ்வொரு கடைக்காரரின் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு எண்ணையும் வாங்கி, அது நடப்பில் இருக்கிறதா என்று இணையத்தில் பாருங்கள். முக்கியமாக, கடைக்காரர் கட்டும் முன்பணத்தில் பாதியைப் போட்டி முடியும் வரை கையில் வையுங்கள். நாங்கள் வாடகை முழுவதையும் வாங்கியதோடு சரி, பிடித்தம் எதுவும் வைக்கவில்லை. கெட்ட பிரியாணிக்குக் காசைத் திருப்பித் தரச் சொன்னபோது, ஒப்பந்தத் தாளில் எங்கே எழுதியிருக்கிறது என்று ஒப்பந்தக்காரர் கேட்டார். அதில் எழுதியிருக்கவில்லை.