அங்கன்வாடி கட்டடத்துக்குன்னு காசு கேட்டு வந்தா குடுத்துடாதீங்க, நாங்க 36 வீடு குடுத்துட்டு முழிக்கிறோம்

நம்ம பக்கத்து அம்மாமாருங்க கொஞ்சம் பொறுமையா படிங்க, நீளமாத்தான் எழுதியிருக்கேன். எங்க வீட்டுக்காரரு "போனது 2,000 ரூபா, அத ஊரு பூரா தமுக்கு அடிக்கணுமா"ன்னாரு. ஆனா எங்ககிட்ட காசு வாங்கின அதே ஆளு இப்போ பக்கத்து டவுன்லயும் எங்ககிட்ட காட்டின அதே பேப்பரத் தூக்கிகினு சுத்தறான்னு எங்க கம்பெனி வேன்ல வர்ற ஒரு அக்கா சொன்னாங்க, அதனாலதான் எழுதறேன். ஊர் பேரு, வார்டு நம்பரு, ஆள் பேரு எதுவும் போடல, கேஸ் விஷயமா ஸ்டேஷன்ல மனு இருக்கு.

நான் ஷூ கம்பெனில அப்பர் தைக்கிறேன், காலைல ஏழே முக்காலுக்கு வேன் வந்துடும். பொண்ணுக்கு மூணு வயசு. தெருக்கோடில ஒரு வாடக வீட்ல அங்கன்வாடி நடந்துது, மாமியாரு அங்க கொண்டு போய் விட்டுட்டு பீடி சுத்த ஒக்காந்துடுவாங்க, மதியம் சாப்பாடு அங்கயே, வாரத்துல மூணு நாள் முட்டை, எடை பாத்து அட்டைல எழுதுவாங்க, டீச்சரும் ஆயாவும் நல்ல மாதிரி. திடீர்னு வீட்டு ஓனரு பையனுக்கு கல்யாணம்னு வீட்ட கேட்டுட்டாரு. சென்டர மூட்ட கட்டி பெங்களூர் ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு ஸ்கூல் வராண்டால கொண்டு போய் வெச்சுட்டாங்க. லாரி போற ரோட்ட முட்டி வலி இருக்கற கெழவி ஒரு கைல புள்ளயும் ஒரு கைல பையுமா எப்படி தாண்டும்? பாதி பேரு புள்ளைங்கள அனுப்பறத நிறுத்திட்டோம். கைக்கொழந்தக்காரங்க சத்துமாவு பாக்கெட் மட்டும் போய் வாங்கிட்டு வந்துடுவாங்க.

நகராட்சி ஆபீஸ்ல போய் கேட்டா "சென்டர் நடத்தறது நாங்க இல்லமா, ஐசிடிஎஸ் ஆபீஸ்ல கேளு"ன்னாங்க (அங்கன்வாடிங்கள நடத்தற அரசு திட்டம் அது), அங்க போனா "இடமும் கட்டடமும் நகராட்சி குடுத்தா வரோம்"ன்னாங்க. ரெண்டுமே பொய் இல்லதான், ஆனா நடுவுல நாங்க லீவு போட்டு ரெண்டு நாள் சம்பளத்த விட்டதுதான் மிச்சம்.

இந்த நேரம் பாத்து வந்தாரு அண்ணன். இப்போ அவன்னுதான் சொல்லணும், அப்போ அண்ணன்தான். திருவிழா, சாவு, ரேஷன் கார்டு எதுன்னாலும் மொதல்ல நிக்கற ஆளு, கவுன்சிலர் கூட எடுத்த போட்டோ எல்லாம் போன்ல வெச்சிருப்பான். கோயில் திண்ணைல எங்கள ஒக்கார வெச்சு, நகராட்சி மன்றக் கூட்டத்து பேப்பர்னு ஒரு ஜெராக்ஸ் காட்டினான், "இன்னாமா, அதான் மன்றத்துலயே வந்துகீதே, இன்னா பயம்"னு. அதுல அச்சடிச்சு இருந்துது, பொருள் எண், அலுவலகக் குறிப்பு, அங்கன்வாடி மையம்னு, கடைசில "மன்றத்தின் அனுமதிக்கு வைக்கப்படுகிறது"ன்னு. கவர்மெண்ட் தமிழ்ல நாலு வரி பாத்தா நமக்கெல்லாம் கை தானா கும்பிடும், அப்படித்தான் ஆச்சு.

நமக்கு நாமே திட்டத்துல வருது, எஸ்டிமேட் 12 லட்சம், மூணுல ஒரு பங்கு மக்கள் போடணும், 4 லட்சம், அதுல பெரும் பங்கு ஒரு கம்பெனி தருது, வீட்டுக்கு 2,000 போட்டா போதும், போட்டவங்க புள்ளைக்குத்தான் மொதல் அட்மிஷன், எல்கேஜியும் வருதுன்னான். இதுல கொடும இன்னான்னா பாதி விஷயம் நெசம். நமக்கு நாமே திட்டம் இருக்கு, மக்கள் மூணுல ஒரு பங்கு போட்டா மீதிய அரசாங்கம் போடறதும் நெசம். 2019ல 2,381 அங்கன்வாடில எல்கேஜி யூகேஜி ஆரம்பிச்சதும் நெசம், அதான் நாங்க நம்பினோம். முழுப் பொய் சொல்லியிருந்தா எவளாவது ஒருத்தி கேட்டிருப்பா.

ஆனா அட்மிஷனுக்கு காசுன்னு சொன்னப்பவே எனக்கு சுருக்குன்னு இருந்திருக்கணும். அங்கன்வாடில சோறு, முட்டை, சத்துமாவு, பாட்டு, எதுக்குமே ஒத்த ரூபா கெடையாது, 1975ல ஐசிடிஎஸ் ஆரம்பிச்சதுலேந்து அது இலவசம்தான். இன்னொண்ணு, "ஃபைல சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸ்ல குடுத்துட்டேன்"னு சொன்னான். 2019ல வேலூர் மாவட்டத்த மூணா பிரிச்சதுலேந்து நாங்க ராணிப்பேட்ட மாவட்டம், எங்க ஃபைலுக்கு வேலூர்ல இன்னா வேல? அங்க இருந்த ஒருத்தருக்கும் தோணல. எங்க மாமனாரு இன்னிக்கும் நார்த் ஆற்காடு ஜில்லான்னுதான் சொல்றாரு, அவர இன்னா சொல்றது.

36 வீடு, ஆளுக்கு 2,000, மொத்தம் 72,000. பாதி பேரு ஜிபே, பாதி பேரு கைல. ரசீது கேட்டதுக்கு "கார்ப்பரேஷன் ரசீது மொத்தமா வரும்"னான். எங்க ஊரு நகராட்சி, கார்ப்பரேஷனே இல்ல! அதையும் கேட்டுகினு சும்மாதான் நின்னோம்.

மூணு மாசம் போச்சு, செங்கல் ஒண்ணு வரல. கேட்டா டெண்டர், அப்புறம் இன்ஜினியர் லீவு, அப்புறம் ஆடி மாசம். எங்க லைன்ல தைக்கிற ஒரு பொண்ணு காலேஜ் படிச்சது, அதுதான் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல மனு போடலாம்னு சொல்லி எழுதியும் குடுத்துது. நகராட்சி பொது தகவல் அலுவலருக்கு, 10 ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, ரிஜிஸ்டர் தபால்ல. கேட்டது ரெண்டே கேள்வி: இந்தப் பொருள் எண் மேல மன்றம் எடுத்த தீர்மானத்தோட நகல் குடுங்க, எங்க வார்டுல அங்கன்வாடி கட்ட பொதுமக்கள் பங்குத்தொகை வாங்கியிருக்கீங்களா. 30 நாளுக்குள்ள பதில் தரணும், 26வது நாள் வந்துது.

அந்தப் பொருள் எங்க வார்டே இல்லியாம். வேற வார்டுல ஏற்கனவே இருக்கற ஒரு சென்டருக்கு கழிப்பறை ரிப்பேர். அதுவும் அன்னிக்கு கூட்டத்துல "ஒத்திவைக்கப்பட்டது". பங்குத்தொகை எதுவும் வரலன்னு ரெண்டாவது கேள்விக்கு பதில். பழைய ஜெராக்ஸ எடுத்துப் பாத்தா, வார்டு நம்பர் இருக்கற மேல் வரிய அப்படியே மடிச்சு வெச்சு காப்பி எடுத்திருக்கான், மடிப்புக் கோடு கூட தெரியுது.

அந்தப் பொண்ணு சொன்னதுதான் எனக்கு இப்போ மனப்பாடம். கூட்டத்துக்கு முன்னாடி கவுன்சிலருங்களுக்கு குடுக்கறது அஜெண்டா, அதுல இருக்கறது வெறும் பொருள், யாரு வேணா கேட்டு வாங்கி ஜெராக்ஸ் எடுக்கலாம். கூட்டத்துல பேசி முடிச்சு எழுதறதுதான் தீர்மானம், அதுக்குன்னு நம்பரும் தேதியும் இருக்கும், அனுமதிச்சாங்களா தள்ளி வெச்சாங்களா நிராகரிச்சாங்களான்னு அதுலதான் தெரியும். அனுமதிச்சாக்கூட அப்புறம் நிதி ஒதுக்கணும், டெண்டர் விடணும், வேலை உத்தரவு குடுக்கணும். "வைக்கப்படுகிறது"ன்னு முடியற பேப்பர காட்டி எவனாவது காசு கேட்டா அங்கயே எழுந்து வந்துடுங்க. நெசமாவே பங்குத்தொகை கட்டறதா இருந்தா ஆபீஸ்ல கட்டி ரசீது வாங்கணும், தனி ஆளு ஜிபே நம்பருக்கு இல்ல.

பேப்பரோட அவன் வீட்டுக்கு ஒம்பது பொம்பளைங்க போனோம். மொதல்ல கத்தினான், "ஊருக்கு நல்லது செய்ய வந்தா இதான் மரியாதையா"ன்னு, அவங்க அம்மா காபி போட்டு குடுத்தாங்க, பாவம் அவங்களுக்கு ஒண்ணுமே தெரியல. அடுத்த வாரம் சத்தமா பேசின ஏழு பேருக்கு மட்டும் திருப்பி குடுத்தான், எனக்கும் வந்துது, ஒளிச்சு இன்னா இருக்கு. பேசத் தெரியாத வீடுங்களுக்கு ஒண்ணும் வரல, அதுல ரெண்டு வீடு வட்டிக்கு வாங்கி குடுத்தவங்க. அதான் எல்லாரும் சேந்து ஸ்டேஷன்ல மனு குடுத்தோம், சிஎஸ்ஆர் (மனு வாங்கினதுக்கு ஸ்டேஷன் ரசீது) போட்டு குடுத்திருக்காங்க. திங்கக்கெழம மனு நாள்ல ராணிப்பேட்ட கலெக்டர் ஆபீஸ்லயும் ஒரு மனு, அதுல இவன் விஷயத்தோட புள்ளைங்களுக்கு ரோட்டுக்கு இந்தப் பக்கம் சென்டர் வேணும்னும் எழுதினோம். அடுத்த பகுதி சபா (வார்டு மக்கள் கூடி குறை சொல்ற கூட்டம்) நடக்கறப்பவும் கேக்கப் போறோம், இந்த வாட்டி வாய்ல கேட்டுட்டு வராம எழுதிக் குடுத்து கையெழுத்து வாங்கறதா இருக்கோம்.

எங்க வார்டுல குடுத்தவங்க யாராவது இத படிச்சா, ஜிபே ஸ்கிரீன்ஷாட்ட அழிச்சுடாதீங்க. கைல குடுத்தவங்க, எந்த தேதி, யாரு பக்கத்துல இருந்தாங்கன்னு ஒரு பேப்பர்ல எழுதி எங்கிட்ட குடுங்க, சாயங்காலம் ஆறரைக்கு வேன விட்டு எறங்கிடுவேன். இப்போ வரைக்கும் 22 பேரோடதுதான் சேந்திருக்கு.