ரிக்கன்பேக்கர் 360/12: பன்னிரண்டு கம்பி யாருக்கு?

முதல் எலெக்ட்ரிக் கிடார் என்றால் ஆறு கம்பிதான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இரண்டாவது வாங்கும்போது ரிக்கன்பேக்கர் 360/12-ஐ வாசித்துப் பாருங்கள். 1964-இல் பீட்டில்ஸ் குழுவின் கிடார் கலைஞர் ஜார்ஜ் ஹாரிசன் கைக்கு வந்த மாடல் இது.

வழக்கமான ஆறு கம்பிகளில் தடித்த நான்குக்கும் ஒரு ஸ்தாயி மேலே ஒலிக்கும் மெல்லிய ஜோடி. மற்ற இரண்டுக்கும் அதே சுருதியில் ஜோடி. மேலிருந்து கீழே மீட்டும்போது பெரும்பாலான பன்னிரண்டு கம்பிக் கிடார்களில் மெல்லியது முதலில் அடிபடும். இதில் தடித்தது முதலில். அடிச்சுருதி அழுத்தமாக நிற்க, மேலே அந்த மினுமினுப்பு! ஒலியை மாற்றும் எந்த எஃபெக்ட் பெடலும் எனக்கு அதைத் தந்ததில்லை.

கழுத்து குறுகல், பருத்த விரல்களுக்குச் சிரமம். கம்பியை வளைத்தால் ஜோடியின் சுருதி பிசகும். ப்ளூஸ் தனிவாசிப்புப் பிரியர்கள் ஆறு கம்பியிலேயே இருக்கலாம்.