ஸ்கிராட்ச்: நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளுடன் சில ஆண்டுகள்

ஸ்கிராட்ச் என்பது பிளாக் எனப்படும் வண்ணக் கட்டைகளைத் திரையில் இழுத்துப் பொருத்தியே கணினி நிரல் எழுதும் மென்பொருள். பள்ளிப் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லித்தரலாமா என்று கேட்கும் ஆசிரியர்களுக்கு என் பதில்: தயங்காமல் சொல்லித்தாருங்கள். ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள். அதில் நிரல் எழுதுவது மிக எளிது. எழுதிய நிரலைப் படிப்பதும் திருத்துவதும் கடினம். முதல் பாதியை எல்லோரும் சொல்கிறார்கள். இரண்டாவது பாதியைப் பயிற்சி முகாம்களில் யாரும் வாய் திறந்து சொல்லி நான் கேட்டதில்லை.

வேலூர் மாவட்டம் குடியாத்தம் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் கணிதம் நடத்துகிறேன். 2019 தொடக்கத்தில் ஸ்கிராட்ச் 3.0 வெளிவந்ததிலிருந்து அதை வகுப்பில் பயன்படுத்தி வருகிறேன். இதன் வேர் பழையது. கணிதவியலாளர் சேமூர் பேப்பர்ட்டும் அவருடைய சகாக்களும் 1967இல் பிள்ளைகளுக்காக உருவாக்கிய லோகோ என்ற கணினி மொழியின் வழியில் வந்தது இது. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக மீடியா லேபில் மிட்செல் ரெஸ்னிக் குழுவினர் 2007இல் பொதுப் பயன்பாட்டுக்கு வெளியிட்டார்கள். இலவசம். இணையம் இல்லாமலும் ஓடும் பதிப்பு இருப்பது எங்களைப் போன்ற பள்ளிகளுக்குப் பெரிய வரம். ஒருமுறை நிறுவிவிட்டால் பிள்ளைகள் தங்கள் கோப்புகளைப் பென் டிரைவில் எடுத்துப் போகலாம்.

நம் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்திலும் கடைசிப் பாடத்தில் ஸ்கிராட்ச் வருகிறது. பல இடங்களில் அதை ஒரு மதிப்பெண் வினாவுக்காக மனப்பாடம் செய்துவிட்டுக் கடந்துபோகிறார்கள் என்பது எனக்கு உண்மையாகவே வலிக்கிறது. கையால் செய்து பார்க்க வேண்டிய பாடம் அது.

நல்லதை முதலில் சொல்கிறேன். பிளாக்குகளின் வடிவமே இலக்கணத்தைக் காத்துக்கொள்கிறது. நிபந்தனைக்கு அறுகோணப் பள்ளம், எண்ணுக்கு வட்டமுனைப் பள்ளம்; பொருந்தாதது பொருந்தவே பொருந்தாது. மற்ற நிரல்மொழிகளைப் போல, அரைப்புள்ளியை விட்டதற்காகத் திரை முழுக்கச் சிவப்பு எழுத்துகள் வந்து மிரட்டும் அனுபவம் இங்கே கிடையாது. அடுத்தது மேடை, அதாவது நிரல் ஓடுவதைக் காட்டும் திரைப்பகுதி. 480 அலகு அகலம், 360 அலகு உயரம், நடுவில் பூச்சியம். ஒன்பதாம் வகுப்பு ஆயத்தொலை வடிவியலை இதைவிட உயிரோடு நடத்த எனக்கு வேறு வழி தெரியவில்லை. குறை எண் என்றால் இடப்பக்கம், கீழ்ப்பக்கம் என்று பிள்ளைகளின் விரலே சொல்லிவிடுகிறது.

எங்கள் ஊர் லுங்கிக்குப் பெயர்போனது. அதனால் கோடு வரையும் பிளாக்குகளைத் தரும் பேனா நீட்சியை வைத்துக் கட்டம் போட்ட லுங்கி வரையச் சொல்வது என் வழக்கமான பயிற்சி. முதலில் மேலிருந்து கீழாகப் பாவு இழைகள், பிறகு தறியில் நாடா ஓடுவதுபோல் குறுக்கே ஊடை இழைகள். பேனாவின் ஒளிபுகும் தன்மையை 50 என்று வைத்தால், சிவப்பும் பச்சையும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் தறியில் வருவதைப் போலவே நிறம் கலந்து தெரியும். இதைப் பார்க்கும்போது பிள்ளைகளின் முகத்தில் வரும் மலர்ச்சிக்காகவே இந்தப் பயிற்சியை நான் விடுவதில்லை.

ஒரு மாணவி பாவை அழகாக முடித்துவிட்டாள். ஊடை மட்டும் கட்டமாக வராமல் இழைக்கு இழை நிறம் மாறிக்கொண்டே போனது. "சார், பாவு சரியாக இருக்கிறது, ஊடை மட்டும் ஏன் இப்படி?" என்று கேட்டாள். ரிப்பீட் என்பது உள்ளே இருப்பதைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் பிளாக்; அவள் ஒன்றுக்குள் இன்னொன்றை வைத்திருந்தாள். நிறம் மாற்றும் பிளாக் உள்ளே இருக்கும் ரிப்பீட்டில் உட்கார்ந்திருந்தது. நான் விடையைச் சொல்லவில்லை, "வீட்டில் அப்பா எப்போதம்மா நாடாவை மாற்றுவார்?" என்று மட்டும் கேட்டேன். "எட்டு இழை ஓடிய பிறகு" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் அந்த பிளாக்கை இழுத்து வெளி ரிப்பீட்டில், உள் ரிப்பீட்டுக்கு மேலே வைத்துவிட்டாள். கட்டம் விழுந்தது. வளையத்துக்குள் வளையம் என்பதை அதற்குப் பிறகு அவளுக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. எது எதற்குள் அடங்குகிறது என்பது கண்ணெதிரே நிறத்தோடும் வடிவத்தோடும் இருந்ததால்தான் அவளால் அதை நொடியில் நகர்த்த முடிந்தது.

இனி கடினமான பாதிக்கு வருகிறேன். தாமஸ் கிரீன், மரியன் பெட்ரே ஆகிய இரு ஆய்வாளர்கள் 1996இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். பேசிக் மொழியையும், கம்பிகளால் இணைத்து நிரல் வரையும் லேப்வியூ, புரோகிராஃப் ஆகியவற்றையும் ஒப்பிட்டது அது. "எது சிறந்தது?" என்று கேட்காமல், பயன்படுத்தும் மனிதருக்கு எங்கே வலிக்கிறது என்று தேடினார்கள். சிறு மாற்றம் ஒன்றுக்கு எவ்வளவு வேலை பிடிக்கிறது? ஒன்றையொன்று சார்ந்த பகுதிகள் கண்ணுக்குத் தெரிகின்றனவா, ஒளிந்துகொள்கின்றனவா? ஸ்கிராட்ச் பிறப்பதற்குப் பத்தாண்டுகளுக்கும் முன் எழுதப்பட்ட இந்தக் கேள்விகள் என் வகுப்பறைக்கு அப்படியே பொருந்துகின்றன.

இருபடிச் சமன்பாட்டின் தன்மைகாட்டியை, அதாவது b² − 4ac என்பதை, எடுத்துக்கொள்ளுங்கள். கரும்பலகையில் ஒரே மூச்சில் எழுதிவிடலாம். ஸ்கிராட்சில் அதற்கு நான்கு பச்சைக் கணக்கு பிளாக்குகளை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருக வேண்டும். எந்தச் செயல் முதலில் நடக்கிறது என்பது தெளிவாகத் தெரிவது உண்மையிலேயே நல்ல விஷயம். ஆனால் தவறுதலாக வைத்துவிட்ட கூட்டலைக் கழித்தலாக மாற்ற வேண்டுமென்றால் உள்ளே இருப்பவற்றை வெளியே எடுத்துப் போட்டு, புது பிளாக்கை வைத்து, மறுபடியும் செருக வேண்டும். தேய்ந்துபோன மவுஸில் இதைச் செய்யும் பிள்ளையின் பொறுமையை நான் பார்த்திருக்கிறேன்.

அதைவிடப் பெரிய தொல்லை பிராட்காஸ்ட். மேடையில் நகரும் உருவத்துக்கு ஸ்பிரைட் என்று பெயர்; ஒரு ஸ்பிரைட் மற்றவற்றுக்குச் செய்தி அனுப்ப உதவும் பிளாக் இது. பழம் பிடிக்கும் விளையாட்டு ஒன்றில், ஆட்டம் பாதியிலேயே தானாக முடிந்துகொண்டிருந்தது. முடிவுச் செய்தியை எந்த ஸ்பிரைட் அனுப்புகிறது? திரையில் ஒரு நேரத்தில் ஒரு ஸ்பிரைட்டின் நிரல்தான் தெரியும். கூடை, பழம், கடிகாரம், பின்னணி என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. இப்போது என் வகுப்பில் ஒரு விதி: பிராட்காஸ்ட் வைத்தால், யார் அனுப்புகிறார், யார் பெறுகிறார் என்று நோட்டில் அம்புக்குறி போட்டுக்கொள்ள வேண்டும். திரை காட்டாததைக் காகிதம் காட்டுகிறது.

2011இல் இஸ்ரேல் ஆய்வாளர்கள் மூவர் பள்ளி மாணவர்களின் ஸ்கிராட்ச் பழக்கங்களைக் கவனித்து எழுதியிருக்கிறார்கள். பொருத்தமாகத் தோன்றும் பிளாக்குகளை எல்லாம் முதலில் இழுத்துப் போட்டுவிட்டு, பிறகு அவற்றை எப்படிச் சேர்ப்பது என்று யோசிப்பது ஒரு பழக்கம். நிரலைத் துண்டு துண்டாக அளவுக்கு மீறிச் சிதறவிடுவது இன்னொன்று. இரண்டையும் ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். பக்கத்துக் கணினியில் இருப்பவர்களின் நிரலை மேலிருந்து கீழ்வரை வாய்விட்டுப் படித்து, அடுத்து என்ன நடக்கும் என்று சொல்லிவிட்டுத்தான் நிரலை ஓடவைக்கும் பச்சைக் கொடியை அழுத்த வேண்டும் என்று வைத்த பிறகு நல்ல மாற்றம் தெரிகிறது.

கணினியை நாமாகவே தட்டித் தடவிக் கற்றுக்கொள்ளலாம் என்று சொல்லிவிடுவது எளிது. ஓரிகான் மாநிலப் பல்கலைக்கழகத்தின் மார்கரெட் பர்னெட் குழுவினர் இதைத்தான் கேள்விக்குட்படுத்தினார்கள். புது மென்பொருளைத் தொட்டுத் துழாவிக் கற்பவர்கள் உண்டு, படிப்படியாகக் கற்க விரும்புபவர்கள் உண்டு. தன்னம்பிக்கையும் துணிச்சலும் ஆளுக்கு ஆள் வேறுபடும். இந்த வேறுபாடுகள் ஆண், பெண் என்ற கோட்டை ஒட்டியும் திரள்கின்றன என்பது அவர்கள் கண்டது. எங்கள் ஆய்வகத்தில் ஒரு கணினிக்கு இரண்டு பேர். விட்டால் மவுஸ் பையன் கையிலேயே தங்கிவிடுகிறது. அதனால் ஒருவர் படிக்க, மற்றவர் இழுக்க, மணியடித்ததும் இடம் மாற என்று முறை வைத்திருக்கிறேன். படிப்படியாகக் கற்க விரும்பும் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு செய்முறைத் தாளும் தருகிறேன்.

"இதெல்லாம் விளையாட்டு சார், நிஜமான புரோகிராமிங் எப்போது?" என்று பெரிய வகுப்புப் பையன்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. டேவிட் வெயின்ட்ராப்பும் யூரி விலென்ஸ்கியும் அமெரிக்க உயர்நிலைப் பள்ளியில் செய்த ஆய்வில், பிளாக் வழியாகக் கற்றவர்கள் நிரலை எழுத்தாகத் தட்டச்சு செய்து கற்றவர்களைவிடத் தொடக்கத்தில் அதிகம் கற்றார்கள், ஆர்வமும் கூடியிருந்தது. ஆனால் இரு குழுவினரும் ஜாவா என்ற எழுத்து வழி நிரல்மொழிக்கு மாறி, பத்து வாரம் கழித்துப் பார்த்தபோது அந்த வேறுபாடு தெரியவில்லை. பதினொன்றாம் வகுப்பில் சி பிளஸ் பிளஸ்ஸும் பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தானும் காத்திருக்கும் நம் பிள்ளைகளுக்கு இது முக்கியமான செய்தி. ஸ்கிராட்ச் கற்றால் போதும், மற்றதெல்லாம் தானாக வந்துவிடும் என்று எந்தப் பெற்றோரிடமும் நான் சொல்வதில்லை. பத்தாம் வகுப்பு முடித்த கையோடு விருப்பமுள்ளவர்களுக்குப் பைத்தானில் கோடு வரைய உதவும் டர்ட்டில் தொகுப்பில் அதே லுங்கியை வரையச் சொல்கிறேன். அதுவும் லோகோ வம்சம்தான் என்பதால் பேனாவைத் தூக்கு, இறக்கு, நகர் என்பவை பழகியவையாக இருக்கின்றன. ரிப்பீட்டின் வயிற்றுக்குள் இருந்தது இங்கே உள்தள்ளிய வரியாக மாறுகிறது என்று ஒருமுறை பக்கத்தில் வைத்துக் காட்டினால் பிடித்துக்கொள்கிறார்கள்.

ஜூனில் பள்ளி திறந்ததும் தொடங்க நினைப்பவர்கள், இணையம் தேவைப்படாத பதிப்பையே நிறுவுங்கள். பேனா நீட்சியில், ஒரே ஒரு ஸ்பிரைட்டோடு ஆரம்பியுங்கள். விளையாட்டு செய்ய வேண்டும் என்று பிள்ளைகள் முதல் நாளே துடிப்பார்கள். அதைக் காலாண்டுத் தேர்வுக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். விளையாட்டு என்று வந்தாலே ஸ்பிரைட்டுகள் பெருகும், பிராட்காஸ்ட் தலைகாட்டும். அதற்குள் ஒரு நிரலை உட்கார்ந்து படிக்கும் பழக்கம் அவர்களுக்கு வந்திருக்க வேண்டும்.