'சர்க்கரை சேர்க்கப்படவில்லை' என்ற டப்பாவை நம்பி அப்பாவின் சுகரை ஏற்றிவிட்டோம்

வீட்டில் சுகர் உள்ளவர்கள் இருந்தால் இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். கம்பெனியின் பெயரை நான் எழுதவில்லை. இதே ரகத்தில் நிறைய டப்பாக்கள் விற்பனையில் இருக்கின்றன. ஒரு பெயரைச் சொன்னால் அதை மட்டும் ஒதுக்கிவிட்டு அடுத்ததை எடுத்துவிடுவோம்.

அப்பாவுக்கு எட்டு வருடமாகச் சர்க்கரை நோய். மாத்திரை, நடை, அளவான சாப்பாடு என்று கட்டுப்பாட்டில்தான் வைத்திருந்தார். ஒரு நீண்ட காய்ச்சலுக்குப் பிறகு உடம்பு இளைத்துப்போனது. தெம்புக்கு ஏதாவது கொடுக்கலாமே என்று நான்தான் கடைக்குப் போனேன். அங்கிருந்த பெண் தயங்காமல் ஒரு தானியப் பானப் பொடியை எடுத்து நீட்டினார். “சுகர் உள்ளவங்களுக்குன்னே வர்றது மேடம், பயமில்லாம கொடுங்க” என்றார். முகப்பில் பெரிய எழுத்தில் 'சர்க்கரை சேர்க்கப்படவில்லை'. பக்கத்தில் கதிர் படம், இதயப் படம். வாங்கிவிட்டேன். திருப்பிப் பார்க்கவில்லை.

காலை ஒரு டம்ளர், மாலை ஒரு டம்ளர். மூன்று மாதம் அப்பா ஒரு நாள்கூடத் தவறவிடவில்லை, மகள் வாங்கிக் கொடுத்தது என்று.

அடுத்த ரத்தப் பரிசோதனையில் ஹெச்பிஏ1சி 6.9-லிருந்து 8.1-க்குப் போயிருந்தது. ரத்தச் சிவப்பணுக்களில் எவ்வளவு சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்று பார்க்கும் பரிசோதனை அது. சிவப்பணுக்களின் ஆயுள் சுமார் 120 நாள். அதனால் கடந்த இரண்டு மூன்று மாத ரத்தச் சர்க்கரையின் சராசரியை இது காட்டிவிடும். அன்று காலை சாப்பிட்டதைக் காரணம் சொல்லித் தப்பிக்க முடியாது. “சாப்பாட்டில் என்ன மாற்றம்?” என்று மருத்துவர் கேட்டார். “ஒன்றும் இல்லை” என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன். அவர் அப்பாவை ஒரு மாதிரி பார்த்தார். திருட்டுத்தனமாக இனிப்பு சாப்பிட்டிருப்பார் என்று நினைத்திருக்க வேண்டும். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். மாத்திரையின் அளவு கூடியது.

அன்று இரவுதான் டப்பாவைத் திருப்பினேன்.

மூலப்பொருள் பட்டியலை எடை வரிசையில்தான் எழுத வேண்டும், அதிகம் உள்ளது முதலில். முதலாவது, தானிய மாவு. இரண்டாவது, மால்டோடெக்ஸ்ட்ரின். நான்காவது, ஆப்பிள் ஜூஸ் கான்சன்ட்ரேட், அதாவது நீரை வற்றவைத்துக் கெட்டியாக்கிய பழச்சாறு. மால்டோடெக்ஸ்ட்ரின் என்பது மாவுச்சத்தை உடைத்துச் செய்யும் வெள்ளைப் பொடி. குளுக்கோஸ் கண்ணிகள் கோத்த குட்டிச் சங்கிலி என்று வைத்துக்கொள்ளுங்கள். நாக்கில் இனிப்பு அவ்வளவாகத் தெரியாது, ஆனால் குடலில் சீக்கிரமே குளுக்கோஸாகப் பிரிந்துவிடும். ரத்தச் சர்க்கரையை எவ்வளவு வேகமாக ஏற்றும் என்று காட்டும் கிளைசெமிக் குறியீடு சாதாரணச் சர்க்கரைக்குச் சுமார் 65, இதற்கு அதைவிட அதிகம். ஆனால் சத்து அட்டவணையில் இது 'சர்க்கரை' வரியில் வராது, 'கார்போஹைட்ரேட்' வரியில் போய் உட்கார்ந்துகொள்ளும். அந்த டப்பாவில் 100 கிராமுக்குச் சர்க்கரை 6 கிராம், கார்போஹைட்ரேட் 82 கிராம். நான் முதல் எண்ணைப் பார்த்திருந்தாலும் ஏமாந்திருப்பேன். பார்க்க வேண்டியது இரண்டாவது எண்.

அளவிலும் ஒரு வித்தை. 'ஒரு வேளைக்கு 30 கிராம்' என்று அச்சிட்டிருந்தார்கள். கூடவே கொடுத்த கரண்டியால் அள்ளிச் சமையலறைத் தராசில் வைத்தேன், 45 கிராம். இரண்டு வேளைக்கு 90 கிராம் பொடி. கணக்குப் போட்டால் தினம் 74 கிராம் கார்போஹைட்ரேட், வழக்கமான சாப்பாட்டுக்கு மேல். ரொம்ப நேரம் அந்தத் தராசையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் கடைக்குப் போனால், “திறந்த டப்பாவை வாங்க மாட்டோம், கம்பெனியிடம் பேசுங்க” என்றார்கள். கம்பெனிக்கு எழுதினேன். இரண்டு வாரம் கழித்து வந்த பதில்: மால்டோடெக்ஸ்ட்ரின் சர்க்கரை அல்ல, ஆப்பிள் சாறு இயற்கையானது, நோயாளிகள் மருத்துவரைக் கேட்டு அருந்த வேண்டும் என்று டப்பாவிலேயே இருக்கிறது. இருந்தது. அடிப்பக்கம், எறும்பளவு எழுத்தில்.

'இயற்கையானது' என்ற பதிலை நான் விடப்போவதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், தேனையும் பழச்சாறையும் கெட்டியாக்கிய சாறையும் சர்க்கரைக் கணக்கில்தான் சேர்க்கிறது. உணவுத் தரங்களுக்கான சர்வதேச அமைப்பான கோடெக்ஸும், சர்க்கரைக்குப் பதிலாகக் கெட்டியாக்கிய பழச்சாறு போட்டிருந்தால் 'சர்க்கரை சேர்க்கப்படவில்லை' என்று எழுதக்கூடாது என்கிறது. இதைக் குறிப்பிட்டு, டப்பாவின் எல்லாப் பக்கத்தையும் படமெடுத்து, பில்லோடு உணவுப் பாதுகாப்பு அதிகாரிகளுக்குப் புகார் அனுப்பியிருக்கிறேன். நல்லவேளை, பில்லைத் தூக்கிப் போடவில்லை. நீங்களும் போடாதீர்கள்.

இனிச் சொல்வதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். டப்பாவைத் திருப்பிப் பார்த்த அன்றிரவே கோபத்தில் பொடியை நிறுத்திவிட்டேன். மருத்துவரிடம் சொல்லவில்லை. பொடி நின்றுவிட்டது, மாத்திரையோ கூட்டிய அளவில் ஓடுகிறது. அது கணையத்தை இன்சுலின் சுரக்கத் தூண்டும் வகை மாத்திரை. நான்காம் நாள் மதியம் அப்பாவுக்கு வியர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது, பேச்சு குழறியது. மீட்டரில் 58. 70-க்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரை. நல்ல நினைவோடு இருந்ததால், விழுங்க முடிந்தது. மூன்று நாலு ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, பதினைந்து நிமிடத்தில் மறுபடி பார்த்தேன், 84. அந்தப் பதினைந்து நிமிடம் என் வாழ்க்கையில் மிக நீளமானது. நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, உடனே மருத்துவமனைதான்.

அதனால், இதைப் படித்துவிட்டு உங்கள் வீட்டு டப்பாவைத் திருப்பிப் பார்த்து அதில் மால்டோடெக்ஸ்ட்ரினோ சிரப்போ முதல் சில பெயர்களுக்குள் இருந்தால், உடனே மருத்துவரிடம் அதைக் காட்டுங்கள். மாத்திரை, இன்சுலின் அளவைச் சரிசெய்துகொண்டு நிறுத்துங்கள். என் அவசரத்தைச் செய்யாதீர்கள்.

அப்பாவுக்குச் சுகர் இறங்கியதற்கு மறுநாளே மருத்துவரிடம் டப்பாவோடு போனோம். படித்துப் பார்த்துவிட்டு மாத்திரையைப் பழைய அளவுக்குக் குறைத்தார். “ஐயா, உங்களைத் தப்பாக நினைத்துவிட்டேன்” என்று அப்பாவிடம் சொன்னார். அப்பா என்னிடம்தான் திரும்பி, “விடும்மா, உனக்கு என்ன தெரியும்” என்றார். அடுத்த பரிசோதனைக்கு இன்னும் ஏழு வாரம் இருக்கிறது.