தோற்ற ஏலம் திரும்பி வந்தால் உஷார்: போக்கிமான் எமரால்ட் வாங்கிய கதை

இணைய ஏலத்தில் நீங்கள் கேட்டுத் தோற்ற பொருள், சில நாள் கழித்து "ஜெயித்தவர் பணம் கட்டவில்லை, நீங்கள் கேட்ட விலைக்கே உங்களுக்குத் தருகிறேன்" என்று திரும்பி வந்தால், சந்தோஷப்படும் முன் அந்த ஏலத்தின் வரலாற்றைத் திறந்து பாருங்கள். 310 டாலர் கொடுத்து நான் தெரிந்துகொண்டது இது. பழைய வீடியோ கேம் சேர்க்கிறவர்கள் நம் ஊரிலும் பெருகிவிட்டார்கள், பலரும் வெளிநாட்டு ஏலங்களில்தான் வாங்குகிறார்கள். அதனால் விவரமாகவே எழுதுகிறேன். விற்றவர் பெயரும் தளத்தின் பெயரும் வேண்டாம். விற்றவர் கணக்கையே மூடிவிட்டார். தளத்தைப் பொறுத்தவரை, இந்த வித்தை நடக்காத ஏலத் தளம் என்று ஒன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

பொருள் போக்கிமான் எமரால்ட் என்ற வீடியோ கேம். நின்டெண்டோவின் கையடக்க விளையாட்டுக் கருவியான கேம் பாய் அட்வான்ஸுக்காக ஜப்பானில் 2004-லும் அமெரிக்காவில் 2005-லும் வந்தது. என் வயதுக்காரர்கள் நம்மூரில் இதைக் கம்ப்யூட்டரில் எமுலேட்டர் (அந்தக் கருவியைப் போலவே இயங்கும் மென்பொருள்) போட்டுத்தான் விளையாடினோம். அசல் கேசட்டைக் கண்ணால் பார்த்தவர்கள் குறைவு. அட்டைப்பெட்டி, கையேடு, கேசட் மூன்றும் சேர்ந்த அமெரிக்கப் பதிப்பு ஒன்று ஏலத்துக்கு வந்தது. ஏற்கெனவே விற்று முடிந்தவை என்ன விலைக்குப் போயின என்று பார்த்து, என் உச்ச விலை 310 டாலர் என்று முடிவு செய்தேன். விற்பனைக்குக் கேட்கிற விலையைப் பார்க்காமல் விற்று முடிந்த விலையைப் பார்க்க வேண்டும் என்பது இந்தப் பொழுதுபோக்கில் அரிச்சுவடி. கேட்கிற விலையை யார் வேண்டுமானாலும் ஆயிரம் டாலர் என்று போடலாம். அதுவும் 2021 ஜூலையில் பிரிக்காத சூப்பர் மாரியோ 64 என்ற பழைய கேம் ஒன்று அமெரிக்காவின் ஹெரிடேஜ் ஏல நிறுவனத்தில் 15.6 லட்சம் டாலருக்குப் போனபிறகு, பரணில் கேசட் வைத்திருந்த எல்லோருக்கும் ஆசை வந்துவிட்டது.

பெரும்பாலான தளங்களில் ஏலம் நடக்கும் முறை இதுதான். நீங்கள் உங்கள் உச்ச விலையைப் போட்டுவிடலாம், அது யாருக்கும் தெரியாது. உங்களுக்கு அடுத்தவர் கேட்டதைவிட ஒரு படி அதிகமாக மட்டும் தளமே உங்கள் சார்பில் கேட்கும். நான் 310 போட்டேன். எனக்கு அடுத்தவர் 141 வரைதான் வந்தார். விலை 143.50 டாலரில் நின்றது, முன்னணியில் நான். அப்படியே முடிந்திருந்தால் 143.50-க்கு எடுத்திருப்பேன்.

ஏலம் முடிய இன்னும் ஒரு நாளுக்கு மேல் இருக்கும்போது புதிதாக ஒருவர் நுழைந்தார். 150 என்றார், 160 என்றார், 175 என்றார். ஒவ்வொரு முறையும் என் பக்கத்திலிருந்து தளம் பதில் சொல்லிக்கொண்டே போனது. சில நிமிடங்களுக்குள் சின்னச் சின்ன அடியாக ஏறி, என் 310-ஐத் தாண்டி 315-இல் போய் நின்றார். அப்புறம் அசையவில்லை. உண்மையிலேயே பொருள் வேண்டும் என்பவரும் இப்படி ஏறுவதுண்டு, குறிப்பாகப் புதியவர்கள். ஆனால் தரையைத் தட்டிப் பார்த்து எங்கே குழி என்று கண்டுபிடிப்பதும் இப்படித்தான். 310 என்ற என் ரகசிய எண் அந்த நிமிடத்தோடு விற்றவருக்குத் தெரிந்துவிட்டது.

முடிவு செய்த விலையைத் தாண்டுவதில்லை என்று விட்டுவிட்டேன். இரண்டு மூன்று நாளில் இரண்டாம் வாய்ப்பு என்று செய்தி வந்தது. ஜெயித்தவர் பின்வாங்கிவிட்டார், 310-க்கு உங்களுக்கே. இது தளமே தருகிற முறையான வசதிதான். விற்றவருக்குத் தோற்றவரிடம் போக உரிமை உண்டு. விலை என்னவென்றால், தோற்றவர் கடைசியாகக் கேட்ட உச்சம். சிக்கல் அங்கேதான். பின்வாங்கியவர் வராமலே இருந்திருந்தால் என்ன விலையோ அதுதான் நியாயமான விலை, அதாவது 143.50. அவர் கேட்டதால் ஏறிய 166.50 டாலரையும் விற்றவர் வைத்துக்கொள்கிறார். அசல் பொருளுக்கு 310 அநியாய விலை இல்லை என்பதால் பணத்தைக் கட்டினேன்.

பிற்பாடு ஏல வரலாற்றைத் திறந்து பார்த்தேன். கேட்டவர்களின் பெயரை ஓரிரு எழுத்து தவிர நட்சத்திரம் போட்டு மறைத்திருப்பார்கள். ஆனால் அந்த மறைத்த பெயரைத் தட்டினால் கடந்த ஒரு மாதத்தில் அவர் என்ன செய்தார் என்று சுருக்கமாக வரும். என்னை முந்தியவர் அந்த மாதம் கேட்ட ஏலங்கள் நூற்றுக்கு நூறு இதே விற்பனையாளருடையவை. எதையும் வாங்கி முடித்ததாகத் தெரியவில்லை. இதை மட்டும் வைத்து ஆளைக் குற்றவாளி என்று சொல்ல முடியாது. ஒரே ஏலத்தில் மட்டும் கலந்துகொண்ட புதியவருக்கும் நூறு சதவீதம்தான் காட்டும். பல பொருள்கள், ஒரே விற்பனையாளர், ஒன்றையும் எடுக்கவில்லை என்று மூன்றும் சேரும்போதுதான் செட்டப் ஆள், அதாவது விலையை ஏற்றிவிட விற்பவரே ஏற்பாடு செய்த ஆள், என்று முடிவுக்கு வருகிறேன்.

இன்னொரு வகையும் உண்டு. செட்டப் ஆள் உங்கள் உச்சத்தைத் தாண்டிக் கேட்டு, எண்ணைத் தெரிந்துகொண்டு, "தவறாகத் தட்டிவிட்டேன்" என்று தன் ஏலத்தைத் திரும்பப் பெற்றுவிடுவார். விலை பழைய இடத்துக்கு இறங்கும். கொஞ்ச நேரத்தில் வேறொரு பெயர் வந்து, உங்கள் உச்சத்துக்குச் சற்றுக் கீழே ஒரு தொகையைப் போடும். நீங்கள் ஜெயிப்பீர்கள், கிட்டத்தட்ட முழு விலை கொடுத்து. இதைத் தடுக்கத்தான் ஈபே போன்ற இடத்தில் கடைசி 12 மணி நேரத்தில் திரும்பப் பெறக் கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள்: கேட்ட ஒரு மணி நேரத்துக்குள் மட்டும், அதுவும் கடைசியாகக் கேட்டதை மட்டும். அதற்கு முந்தைய நாட்களில் வாசல் திறந்தேதான் இருக்கிறது. வரலாற்றில் திரும்பப் பெற்ற ஏலம் எதையாவது பார்த்தால், உங்களுடையதையும் விலக்கிக்கொள்ள முடியுமா என்று பாருங்கள்.

இதற்கெல்லாம் பழைய கைகள் சொல்லும் மருந்து, கடைசி சில நொடிகளில் மட்டும் கேட்பது. முன்கூட்டியே எண்ணைக் காட்டாவிட்டால் தட்டிப் பார்க்க எதுவும் இல்லை. ஆல்வின் ராத், ஆக்சல் ஆக்கன்ஃபெல்ஸ் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 2002-இல் வெளியிட்ட ஆய்வில் ஈபேயையும், அந்தக் காலத்தில் அமேசான் நடத்திய ஏலத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஈபேயில் கடிகாரம் நின்றால் ஏலம் முடிந்தது, அமேசானில் கடைசியில் யாராவது கேட்டால் நேரம் நீளும். கடைசி நிமிடக் கூட்டம் ஈபேயில்தான் அதிகம், அதுவும் அனுபவம் கூடியவர்களிடம் இன்னும் அதிகம் என்று கண்டார்கள். ராத்துக்குப் பின்னாளில், 2012-இல், வேறு ஆய்வுகளுக்காக நோபல் பரிசும் கிடைத்தது. ஜப்பானின் யாஹூ ஏலத்தில் தானாக நீளும் வசதி போட்டிருந்தால், கடைசி ஐந்து நிமிடத்துக்குள் யார் கேட்டாலும் இன்னும் ஐந்து நிமிடம் கூடும். நம் கோயில் ஏலத்தில் "ஒரு தரம், ரெண்டு தரம்" என்று இழுப்பதைப் போல. அங்கே கடைசி நொடி வித்தை பலிக்காது. அமெரிக்காவில் ஞாயிறு மாலை முடியும் ஏலம் நமக்குத் திங்கள் விடியற்காலை என்பதையும் கணக்கில் வையுங்கள். தூங்கி வழிந்துகொண்டு எண்ணைத் தட்டினால் ஒரு பூஜ்யம் கூடிவிடும்.

விலையை ஏற்றியது ஒரு பங்குதான். பொருளிலும் கைவைத்திருந்தார்கள்.

இந்தியாவுக்கு நேரடியாக வரவழைத்தால் அனுப்பும் செலவும் சுங்க வரியும் சேர்ந்து பாதி விலை ஆகிவிடும் என்று நம்மில் பலர் செய்வதைத்தான் செய்தேன்: நியூ ஜெர்சியில் இருக்கும் அக்கா முகவரி. பார்சல் ஆகஸ்டில் போய்ச் சேர்ந்தது. அக்கா பிரிக்காமல் பத்திரமாக வைத்திருந்து, டிசம்பர் விடுமுறைக்குச் சென்னை வந்தபோது கொண்டுவந்தாள். "டேய், இந்த அட்டைப்பெட்டிக்கா அவ்வளவு டாலர்?" என்றாள். பெட்டியைக் கையில் வாங்கிய உடனே எனக்கும் அதே கேள்விதான்.

விளம்பரப் படத்தில் கேசட்டின் லேபிளில் வலப்பக்கம் இரண்டு இலக்க எண் ஒன்று அழுத்திப் பதித்திருந்தது. அசலில் அது இருக்கும். மை இல்லாமல் அச்சு மட்டும் இறங்கியிருக்கும், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால்தான் தெரியும். என் கைக்கு வந்த கேசட்டில் அந்த இடம் வழவழவென்று இருந்தது. அதாவது படத்தில் காட்டியது வேறு கேசட். கீழே, கருவியோடு இணையும் உலோகப் பின்கள் தெரியும் திறப்பில், அசல் பலகையில் பின்களுக்கு மேலே நின்டெண்டோ என்று அச்சிட்டிருக்கும். இதில் வெறும் பச்சைப் பலகை. மூன்று கால் திருகுக்கான ஸ்க்ரூ டிரைவர் வாங்கித் திறந்தேன். உள்ளே சிப்புக்குப் பதிலாகக் கறுப்புப் பசை ஒரு சொட்டு, பேட்டரி இருக்க வேண்டிய இடம் காலி. அசல் எமரால்டில் கடிகாரத்துக்காக ஒரு பொத்தான் பேட்டரி பற்றவைத்திருப்பார்கள். இருபது வருடத்தில் அது தீர்ந்துபோயிருக்கும், தொடங்கும்போதே பேட்டரி தீர்ந்தது என்று ஒரு வாசகம் வரும். யாரும் மாற்றாமல் அந்த வாசகமும் வரவில்லையென்றால் யோசிக்க வேண்டும். புதியவர்கள் அந்த வாசகத்தைப் பார்த்துப் பயந்து நல்ல கேசட்டை விட்டுவிடுகிறார்கள், அது வேறு வேடிக்கை.

போலியிலும் விளையாட்டு ஓடும், அதனால்தான் பலருக்குத் தெரிவதே இல்லை. மோசமான போலிகள், விளையாட்டின் முடிவில் மோத வேண்டிய நான்கு பேரை (எலைட் ஃபோர்) வென்றபின் சேமிக்கிற இடத்தில் படுத்துவிடும். வேறு கேசட்டோடு போக்கிமான் மாற்றிக்கொள்ளும்போதும், நின்டெண்டோவின் அடுத்த கருவியான பழைய டிஎஸ்ஸில் டைமண்ட், பேர்ல் என்ற போக்கிமான் விளையாட்டுகளுக்கு மாற்றும்போதும் பல போலிகள் மாட்டிக்கொள்ளும். பெட்டியும் கையேடும் கூட மறு அச்சுதான். எழுத்தின் ஓரம் லேசாக மங்கியிருந்தது.

விற்றவருக்கு எழுதினேன். "இறந்துபோனவர் வீட்டுச் சாமானோடு வந்தது, நான் நிபுணன் இல்லை, விளம்பரத்திலேயே இருக்கும் நிலையில் என்று போட்டிருந்தேன்" என்று பதில். இருக்கும் நிலையில் என்பது கீறல், அழுக்குக்குப் பொருந்தும். போலியை அசல் என்று விற்பதற்கு அது மறைப்பு ஆகாது, தள விதிகளிலும் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் அதைச் சொல்லிப் பணத்தைத் திரும்ப வாங்கும் கெடு, பார்சல் சேர்ந்த 30 நாளோடு முடிந்துவிட்டிருந்தது. அக்காவின் கார்டு வங்கியில் முறையிட்டோம், இத்தனை மாதம் ஏன் சும்மா இருந்தீர்கள் என்பதுதான் அவர்கள் முதலில் கேட்டது. பணம் வரவில்லை. விற்றவர் அந்தக் கெடுவை நம்பியே அனுப்பினாரா தெரியாது. ஆனால் உறவினர் வீட்டில் பிரிக்காமல் தூங்கும் பார்சல் இவர்களுக்கு வசதிதான்.

ஆகவே அமெரிக்காவிலோ லண்டனிலோ இருக்கும் அக்கா, மச்சான் யாராவது வாங்கி வைப்பதாக இருந்தால், வந்த அன்றே பிரிக்கச் சொல்லி வீடியோ அழைப்பில் லேபிள் எண்ணையும் பின்கள் தெரியும் திறப்பையும் பாருங்கள். இரண்டுக்கும் கேசட்டைத் திறக்கத் தேவையில்லை. அங்கிருந்து மறுபடி இந்தியாவுக்குத் தபாலில் அனுப்பச் சொன்னால், பல தளங்களில் அதோடு பாதுகாப்பு போய்விடும். எனவே அனுப்பும் முன் பார்த்துவிட வேண்டும். ஏலம் கேட்பதற்கு முன்பே பின்கள் தெரியும் திறப்பின் படத்தை விற்பவரிடம் கேளுங்கள், இன்றைய தேதி எழுதிய தாள் ஒன்றைப் பக்கத்தில் வைத்து. அசல் வைத்திருப்பவருக்கு இது ஒரு நிமிட வேலை.

போன மாதம் வேறொரு விற்பனையாளர் வைத்த ஒரு கேசட் ஏலத்தில் தோற்று, மறுபடி இரண்டாம் வாய்ப்புச் செய்தி வந்தது. வரலாற்றைப் பார்த்தேன், அதே மாதிரி ஏறிய படிகள். பின்வாங்கியவரை நீக்கினால் வருகிற விலையைக் கணக்குப் போட்டு, அந்த விலைக்கு எடுத்துக்கொள்கிறேன், பின்கள் தெரியும் திறப்பின் படம் அனுப்புங்கள் என்று எழுதினேன். இன்றுவரை பதில் இல்லை. அந்தக் கேசட் இப்போது மறுபடி ஏலத்துக்கு வந்திருக்கிறது, அதே படங்களோடு.