மூவாயிரத்து ஐந்நூறா, அறையோடு இரண்டாயிரத்து ஐந்நூறா?

கால்நடை டாக்டர் ஒருவர் லீவில் போனால் அவர் நாற்காலியில் பத்து நாள் உட்காரும் வேலைக்கு நம் பக்கம் நிலையான பெயர்கூடக் கிடையாது. சிலர் ரிலீவர் என்பார்கள், சிலர் டியூட்டி டாக்டர் என்பார்கள். பெயரே இல்லாத வேலைக்குச் சம்பள விதி எங்கிருந்து வரும்? ஃபோனில் பேசிக்கொள்வதுதான் ஒப்பந்தம். ஜூனியர்கள் கேட்கும் முதல் கேள்வி, "நாளைக்கு எவ்வளவு சார் தருவாங்க?" சமவெளியில் அது சரியான கேள்வி. நீலகிரிக்கு ஏறுகிறவருக்கு அது போதாது.

கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம். குன்னூரில் ஒரு கிளினிக் நாளைக்கு 3,500 தருகிறது, தங்குவது உங்கள் பாடு. கோத்தகிரியில் இன்னொன்று 2,500 தருகிறது, மாடியில் அறை, மூன்று வேளைச் சாப்பாடு. பத்து நாள் வேலை. குன்னூரில் 35,000. சீசனில் அறை 1,500 என்றால், முந்தின நாளே ஏறிவிடுவதால் பதினொரு இரவுக்கு 16,500. பன்னிரண்டு நாள் சாப்பாடு, நாளைக்கு 400 வீதம் 4,800. மிஞ்சுவது 13,700. கோத்தகிரியில் 25,000 அப்படியே நிற்கிறது. சீசன் முடிந்து அறை 700-க்குக் கிடைத்தாலும் குன்னூரில் மிஞ்சுவது 22,500தான்.

இதில் பயண நாள் சம்பளத்தை நான் சேர்க்கவில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறி இறங்கும் இரண்டு நாளும் உங்களுடையவை, ஆனால் யாரும் காசு தருவதில்லை. சொந்த வண்டியில் வெளியூர்க்காரர் ஏற 2024 மே முதல் இ-பாஸ் வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை, ஆனால் சீசனில் ஒரு நாளைக்கு இத்தனை வண்டிதான் என்று வரம்பு வைக்கிறார்கள். சனிக்கிழமை டியூட்டி என்றால் வெள்ளியே ஏறிவிடுவது நல்லது. அரசுப் பேருந்தில் போனால் இந்தத் தலைவலி இல்லை.

நாள் சம்பளத்தில் இன்னொரு ஓட்டை, இரவு அழைப்பு. குன்னூரில் ஒருமுறை இரவு பதினொன்றரைக்கு ஃபோன். சிறுத்தை கவ்விய நாட்டு நாய், எஸ்டேட் லைன் வீட்டுக்காரர் சாக்கில் சுற்றிக் கொண்டுவருகிறார். ஓசி ஸ்கூட்டரில் கிளம்பினேன். வளைவில் காட்டெருமை ஒன்று நடுரோட்டில் நின்றது. விளக்கை அணைத்துவிட்டு இருபது நிமிடம் நின்றேன், அது நகர்ந்த பிறகுதான் போனேன். கழுத்தில் நான்கு துளை. மேலே பார்த்தால் சின்னது, உள்ளே தோல் முழுக்கக் கழன்றிருந்தது. கழுவி, குழாய் வைத்து, தைத்து முடிக்க இரண்டு மணி நேரம். காலை ஒன்பதுக்கு வழக்கம்போல் ஓபி. பில் கிளினிக் கணக்கில் போனது. எனக்கு வந்தது அன்றைய நாள் சம்பளம் மட்டும். கேட்டதற்கு, "டியூட்டின்னா அப்படித்தானே டாக்டர்" என்றார்கள். தப்பு என்னுடையதுதான், முன்பே பேசியிருக்க வேண்டும். இப்போதெல்லாம் ராத்திரி எட்டுக்கு மேல் வரும் கேஸில் பாதி எனக்கு, ஜீப் அவர்களுடையது என்று வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிவிடுகிறேன்.

அப்புறம் பங்கு முறை, அதாவது நாள் சம்பளத்துக்குப் பதில் பில்லில் ஒரு பங்கு. நாற்பது சதவீதம் என்றதும் மனம் குளிரும். எதில் நாற்பது என்று கேளுங்கள். ஒரு ஆபரேஷன் பில் 12,000 என்றால் நாற்பது சதவீதம் 4,800. மயக்க மருந்து, தையல் நூல், ஊசி மருந்து என்று 7,000 கழித்துவிட்டு மீதியில் என்றால் 2,000. இரண்டுமே "நாற்பது பர்சன்ட்"தான். பங்கு முறை ஏப்ரல், மே மாதத்துக்குப் பொருந்தும். கொண்டை ஊசி வளைவில் வாந்தி எடுத்த டூரிஸ்ட் நாய்களே ஓபியை நிரப்பும். ஜூலை மழையில் கூடலூரில் பங்குக்கு உட்கார்ந்தால் மழையைத்தான் எண்ண வேண்டும். அந்த மாதத்துக்கு நாள் சம்பளம்தான் சரி.

தெருநாய்க் கருத்தடை வேலையில் ஆபரேஷனுக்கு இவ்வளவு என்று பேசுவார்கள். கை வேகமானவர்களுக்கு லாபம். ஆனால் நாய் பிடிக்கும் வண்டி மழையில் நின்றால் உங்கள் வருமானமும் நிற்கும். குறைந்தபட்சம் இத்தனை நாய்க்குக் காசு என்று கேட்காமல் ஏறாதீர்கள். வெறிநாய்க்கடித் தடுப்பூசி யார் செலவு என்பதும் இங்கே முக்கியம். கடிபடும் முன் போடுவது மூன்று ஊசி: முதல் நாள், ஏழாம் நாள், 21 அல்லது 28-ஆம் நாள். ஆகவே வேலைக்குச் சேர ஒரு மாதம் முன்பே தொடங்க வேண்டும். போட்டிருந்தால் பிறகு கடிபட்டாலும் இரண்டு ஊசியோடு முடியும், இம்யூனோகுளோபுலின் என்கிற எதிர்ப்புப் புரத ஊசி வேண்டாம். இதைப் போடாத இடத்தில் பணம் எவ்வளவு கொடுத்தாலும் நான் கத்தியைத் தொடமாட்டேன்.

மாதச் சம்பளத்துக்கு ஏஜென்சி மூலம் எடுப்பதும் உண்டு. 1962-க்கு அழைத்தால் வரும் நடமாடும் கால்நடை வண்டி போன்றவற்றில் அப்படித்தான் ஆள் சேர்க்கிறார்கள். பிஎஃப், அதாவது வருங்கால வைப்பு நிதி, உண்டு என்பார்கள். உச்சவரம்பு 15,000-ல் பன்னிரண்டு சதவீதம், அதாவது 1,800 உங்களிடம் பிடிப்பார்கள், முதலாளியும் 1,800 போட வேண்டும். அந்த இரண்டாவது 1,800-ஐயும் பேசிய சம்பளத்துக்குள்ளேயே கழிக்கிறார்களா என்று பாருங்கள். இது நிறையப் பேர் கவனிக்காத இடம். பெண் டாக்டர்களுக்கு இந்த வழியில் ஒரு பெரிய சாதகம் உண்டு: முந்தைய பன்னிரண்டு மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால் சம்பளத்தோடு 26 வாரம் வரை மகப்பேறு விடுப்பு கேட்கலாம். ரிலீவராக ஃபீஸ் வாங்குகிறவருக்கு அது கிடையாது, விபத்துக் காப்பீடும் நாமே எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஃபீஸாகத் தந்தால் பத்து சதவீதம் டிடிஎஸ், அதாவது முன்கூட்டியே கழிக்கும் வருமான வரி, பிடிக்கக்கூடும். அது போய்விட்ட பணமல்ல, ரிட்டர்ன் போட்டால் வரிக்கணக்கில் சேரும், அதிகமாக இருந்தால் திரும்பி வரும். பிடித்த சான்றை மட்டும் கேட்டு வாங்குங்கள்.

கூட வரும் உதவியாளரையும் மறக்காதீர்கள். மாதம் 21,000 வரை சம்பளம் உள்ளவருக்கு இஎஸ்ஐ என்கிற தொழிலாளர் காப்பீடு உண்டு, ஆனால் பத்துப் பேராவது வேலை பார்க்கும் இடத்தில்தான். மலையில் பெரும்பாலான கிளினிக்கில் நான்கு பேர்கூட இருக்கமாட்டார்கள்.

இந்த மே மாதத்துக்கு என்னிடமும் இரண்டு அழைப்பு வந்தது. மேலே சொன்ன அதே கணக்கு, அதே ஊர்கள். கோத்தகிரிக்குச் சரி சொல்லிவிட்டேன். கூடுதலாக ஒன்றுதான் கேட்டேன்: அறையில் கீசர்.